அறுபத்திரண்டு நெய்த்தேங்காய்

"சாமி, அந்த டப்பாவைக் கொஞ்சம் திறங்க."

தேனி பழைய பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டிக்காக நிற்கும் கறுப்பு வேட்டிக்காரர்களிடம் மாயக்காள் முதலில் பேசுவது இதைத்தான். எந்த ஊர், எத்தனையாவது மலை என்பதெல்லாம் பிறகு. இருமுடி கட்டியது போக மிச்ச நெய்யைத் தனியாக டப்பாவில் எடுத்துவருகிற ஐயப்பமார்கள் உண்டு. சேலத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வந்து இறங்கி, தூக்கம் கலையாமல் டீக்குச் சொல்லிவிட்டு நிற்கும் அந்த மனிதர், யாரென்றே தெரியாத ஒரு பெண்பிள்ளைக்கு எதற்குத் தன் நெய்யைக் காட்ட வேண்டும்? ஆனாலும் காட்டிவிடுகிறார். அவள் கேட்கிற தோரணை அப்படி. குனிந்து, டப்பாவுக்கு ஒரு சாண் மேலே மூக்கை நிறுத்தி, ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். நல்ல நெய் என்றால், "போய்ட்டு வாங்க சாமி" என்று கும்பிட்டு நகர்ந்துவிடுவாள். இல்லையென்றால் நிலையம் முழுக்கக் கேட்கும்.

"இதை எந்தக் கடையில சாமி வாங்குனீக? கடைக்காரன் பேரைச் சொல்லுங்க."

தன் சரக்கை விற்பதற்கான தந்திரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கையில் ஒரு தூக்குவாளி நிறைய நெய் இருப்பதும் உண்மைதான். ஆனால் யாரைத் திட்டினாளோ அவருக்கு அவள் நெய் விற்பதில்லை. கேட்டாலும் கொடுப்பதில்லை. திட்டின வாயால் வியாபாரம் பேசக் கூடாது என்பது அவள் வைத்திருக்கும் சட்டம். இந்தச் சட்டத்தால் கார்த்திகை பிறந்ததிலிருந்து தினமும் பாதி வாளி நெய்யோடு வீடு திரும்புகிறாள். பிழைக்கத் தெரியாதவள் என்று பக்கத்துப் பூக்கடைக்காரி சொல்வதில் தப்பே இல்லை.

ஊர் கடமலைக்குண்டு. வருசநாட்டு மலையடிவாரத்தில் கிடை போட்டிருக்கும் மலைமாட்டுக்காரர்களிடம் வெண்ணெய் வாங்கி உருக்குவதுதான் முப்பது வருசத் தொழில். மலைமாடு அதிகம் கறக்காது. கன்று குடித்தது போக உழக்குப் பால் மிஞ்சினாலே பெரிது. அதிலும் இப்போது காட்டுக்குள் மேய்ச்சலுக்கு விட மாட்டேனென்கிறார்கள். அதனால் அவளுக்குக் கிடைக்கும் வெண்ணெய் வருசத்துக்கு வருசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. இருந்தும் சீமை மாட்டு வெண்ணெயை அதில் கலக்க மாட்டாள். உருக்கும்போது ருசி பார்க்கவும் மாட்டாள், அது சாமிக்குப் போகிற நெய். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதை மட்டும் கொடுத்திருப்பாள். சட்டியில் சடசடப்பு அடங்குகிற நொடியில் எழுந்து, ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்குவாள். ஆறினால் மணல் மணலாக உறையும். பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தரச் சொன்னால், "அதுல கால் கழுவத் தண்ணி மோந்துக்கங்க" என்பாள்.

மாலை போட்டவர்களை மரியாதையில்லாமல் பேசக் கூடாது என்பதில் அவள் வெகு கறார். வீட்டில் மகன் மாரிசெல்வம் முதன்முதலாக மாலை போட்டிருக்கிறான், கன்னிச்சாமி. மற்ற மாதங்களில் "ஏலே" என்று தொடங்கி தெரு கேட்கத் திட்டு வாங்குகிறவன். மாலை போட்ட நாளிலிருந்து திட்டு குறையவில்லை, மரியாதைதான் கூடியிருக்கிறது. "சாமி, எருமை மாதிரி மறிச்சுக்கிட்டு நிக்காம அங்கன தள்ளி நில்லுங்க." "சாமி, குளிச்ச துணியை யாரு எடுப்பாகன்னு போட்டுட்டுப் போறீக?" மாரிசெல்வமும் "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துப்போவான். வேறென்ன சொல்ல முடியும்?

அவன் மாலை போட்டது மனைவி பூமாரிக்காக. கல்யாணமாகி நாலு வருசம், குழந்தை இல்லை. ஐயப்பனுக்கு அபிஷேகம் ஆன நெய்யைக் கொண்டுவந்து, ஒரு மண்டலம் காலை வெறும் வயிற்றில் பூமாரி சாப்பிட வேண்டும் என்பது வேண்டுதல். மருமகள் வாய் திறந்து எதையும் கேட்காத பெண். இந்த நெய்யை மட்டும், "எப்ப வரும் அத்தை?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அந்த இரண்டு தடவையும் மாயக்காள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

காரணம், போன வருசத்துப் பிரசாதம். ஊரில் குருசாமி மொக்கைச்சாமி தலைமையில் வருசா வருசம் ஒரு குழு மகரஜோதிக்குப் போகிறது. நல்ல மனிதர்தான் மொக்கைச்சாமி. இருபத்துமூன்று மலை ஏறியவர். ஒருவர் கால் பிசகினாலும் முதுகில் தூக்கிப் பம்பைக்கு இறக்கிவிடுகிறவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு மாயக்காளும் அந்தக் குழுவோடு ஒருமுறை போய்வந்திருக்கிறாள். மலைச்சரிவில் லட்சம் பேரோடு நின்று ஜோதி பார்த்தாள். மூன்று முறை மின்னி மறைந்ததும் பக்கத்தில் நின்றவர்கள் அழுதார்கள், அவளும் அழுதாள். ஆனால் ஊருக்கு வந்து அவள் மூச்சு விடாமல் சொன்னது, சன்னிதானத்தில் தேங்காய் உடைக்கும் இடத்தைப் பற்றித்தான். அங்கே நின்றபோது நூறு ஊர் நெய் வாசனை ஒன்றாக வந்ததாம். தன் சட்டி நெய் ஊற்றிய தேங்காய் உடைபடுகையில் தனக்கு அடையாளம் தெரிந்ததாம். இதைச் சொல்கையில் மட்டும் அவள் குரல் தணியும்.

அப்போதெல்லாம் குழுவுக்கு நெய் கொடுத்தவள் அவள்தான். குழு பெரிதாகி, அவளால் கொடுத்து மாளாது என்று ஆன பிறகு, போன வருசம் மொக்கைச்சாமி தேனியிலிருந்து டின் நெய் வாங்கத் தொடங்கினார். போன தை மாதம் மலையிலிருந்து வந்தவர் வீடு வீடாகப் பிரசாதம் கொடுத்தார். மாயக்காள் இரண்டு கையையும் ஏந்தி ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைத்தாள். அது கரையவில்லை. மெழுகாக அண்ணத்தில் அப்பிக்கொண்டது. வெந்நீர் குடித்தும் சாயங்காலம் வரை போகவில்லை. என்ன ஏது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வந்தது ஐயப்பன் மேனியில் பட்ட பிரசாதம். அதைக் குறை சொல்ல எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்? விழுங்கிவிட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டாள். அப்படி வாயை மூடியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வருசம் முழுக்கக் கோபம். பேருந்து நிலையத்தில் டப்பா திறந்து பார்க்கும் பழக்கம் இந்தக் கோபத்தில் பிறந்ததுதான்.

இந்த மார்கழியில், மகனின் தேங்காய்க்கு என்ன நெய் என்று அறியாமல் விடுவதில்லை என்று முடிவு செய்து, தேனி கடைத்தெருவில் கிறிஸ்டோபர் கடைக்குப் போனாள். எண்ணெய், நெய், பூஜைச் சாமான் எல்லாம் விற்கிற பழைய கடை. கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காதவர், மற்ற நாட்களில் தராசில் கை வைக்காதவர். மஞ்சள் டின்கள் வாசல்வரை அடுக்கியிருந்தன. மேலே ஐயப்பன் படம், கீழே பசுமாட்டுப் படம். மாயக்காள் கேட்டதும் அவர் மறைக்கவில்லை.

"அக்கா, இது விளக்கு நெய். பாமாயிலு, வனஸ்பதி, வாசனைக்கு எசன்ஸு. திங்கக் கூடாதுன்னு டின்னுலயே போட்டிருக்கு. வாங்குற ஒவ்வொரு சாமிகிட்டயும் விளக்குக்கா தேங்காய்க்கான்னு கேட்டுட்டுத்தான் குடுக்கேன்."

"எங்க ஊரு குருசாமிகிட்டயும் கேட்டீகளா தம்பி?"

"கேட்டேன்க்கா. தேங்காய்க்குன்னாக. இது ஆகாதுங்கன்னு சொன்னேன். சாமிக்குத்தானப்பா, போடுன்னுட்டாக."

மாயக்காளுக்கு அதுவரை ஓர் ஆறுதல் இருந்தது. மொக்கைச்சாமி ஏமாந்துவிட்டார், பாவம், யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். தெரிந்தே வாங்கியிருக்கிறார்! சிலுவையில் அறைந்த சாமியைக் கும்பிடுகிற ஒரு கடைக்காரருக்கு ஐயப்பன் நெய்யைப் பற்றி இருக்கிற கவலை, இருபத்துமூன்று மலை ஏறிய குருசாமிக்கு இல்லை. கடமலைக்குண்டு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்து சீட்டுக்காரர் கண்டமனூரில் இறங்கும் வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

அன்றே மொக்கைச்சாமி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் நிதானமாக விளக்கம் சொன்னார். அறுபத்திரண்டு சாமிகள் போகிறார்கள். பாதிப் பேர் கூலி வேலைக்காரர்கள். அத்தனை பேருக்கும் பசு நெய் என்றால் எங்கே போவது? பக்திதான் முக்கியம், பண்டம் முக்கியமில்லை. தேங்காய்க்குள் என்ன இருக்கிறது என்று ஐயப்பன் பிரித்துப் பார்க்கிறானா? இவ்வளவும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, "ஜோதி பாக்கத்தான போறோம் தங்கச்சி, விளக்கு நெய் ஆகாதா?" என்றார்.

இந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இதைக் கேள்விப்பட்ட என்னாலும் முடியவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்த வாசலுக்கு எதிரே, ஊர் முக்கில், இருபதடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் போர்டு நிற்கிறது. அறுபத்திரண்டு பேரின் முகமும் அதில் வரிசையாக இருக்கிறது, ஐயப்பன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குழாய் ரேடியோ ஏழு கட்டியாயிற்று. வீடியோ பஸ் பேசியாயிற்று. வழியனுப்பு விழாவுக்கு வேட்டு சிவகாசியிலிருந்தே வந்திறங்கியிருக்கிறது. இத்தனைக்கும் வழி இருந்தது. சாமி தலையில் ஊற்றுகிற நெய்க்கு வரும்போதுதான் கூலிக்காரர்களின் ஞாபகம் வருகிறது. எந்தக் கூலிக்காரரும் போய் எனக்கு விளக்கு நெய் போதும் என்று கேட்கவில்லை.

மாயக்காள் அவரிடம் கேட்டது வேறு. "சாமி பிரிச்சுப் பாக்க மாட்டாக. ஆனா அது திரும்பி வருமே சாமி. எங்க பூமாரி திங்கணுமே."

மாலை போட்டவரிடம் கோபமாகப் பேசினால் பாவம், வீட்டுக்குப் போ என்றார் மொக்கைச்சாமி.

அவள் வீட்டுக்குப் போகவில்லை, கிடைகளுக்குப் போனாள். இருமுடி கட்டும் கட்டுநிறைக்கு இருந்தது பன்னிரண்டு நாள். தும்மக்குண்டு, வாலிப்பாறை என்று மலையடிவாரத்தில் யார் யார் கிடை போட்டிருக்கிறார்களோ அத்தனை பேர் முன்னாலும் போய் உட்கார்ந்தாள். பேருந்து நிலையத்து வியாபாரத்தை விட்டாள். சேர்ந்த வெண்ணெயை எல்லாம் உருக்கி, கழுத்து அகன்ற ஒரு பெரிய மண்சட்டியில் ஊற்றி, துணியால் வேடு கட்டி வைத்தாள். தாராளமாக ஊற்றினால் இருபது தேங்காய்க்கு மேல் வராது. மகனின் ஒரு தேங்காய்க்கு ஓர் உழக்கு போதுமே, எதற்கு இந்த அலைச்சல் என்று பூமாரி கேட்டாளாம். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் மலையிலிருந்து வருகிற நெய்யைத்தான் தின்னும் என்று மட்டும் மாயக்காள் சொன்னாளாம்.

மார்கழி இருபத்தாறாம் தேதி காலை. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கட்டுநிறை. தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காய்கள் வரிசையாக இருக்க, ஒவ்வொரு சாமியாக வந்து உட்கார, ஒற்றைக் கண் திறந்த தேங்காயில் மொக்கைச்சாமி சரணம் சொல்லி நெய் ஊற்றி, தக்கை வைத்து அடைத்தார். முதல் தேங்காய் குருசாமியுடையது. அது முடிந்து, ஏழெட்டுப் பேர் முடிந்து, மாரிசெல்வம் பெயரைக் கூப்பிட்டார்கள். மாயக்காள் சட்டியோடு எழுந்தாள்.

"நம்ம வீட்டு நெய் இருக்கு சாமி. இதை ஊத்துங்க."

ஒரே குழு, ஒரே விரதம், ஒரே நெய் என்றார் மொக்கைச்சாமி. ஒருவருக்குத் தனி நெய் ஊற்றினால் மற்றவர்கள் மனம் சங்கடப்படும் என்றார். நாலு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். நல்ல காரியத்தில் பொம்பளை வந்து மறிக்கிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாரிசெல்வம் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதிக் குந்தலில் நின்றான்.

மாயக்காளுக்கு எழுத்துத் தெரியாது. மஞ்சள் டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே பெண்கள் பக்கம் போனாள். அங்கே மொக்கைச்சாமியின் மனைவி பாண்டியம்மாள் அரிசித் தட்டோடு இருந்தார். பால்வாடியில் இருபது வருசம் ஆயாவாக இருந்தவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"மதினி, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிங்க. அதுல திங்கலாம்னு இருந்தா, எல்லாரு கால்லயும் விழுந்துட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

பாண்டியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐயப்பன் படத்துக்குக் கீழே, பசு மாட்டுக்கும் கீழே, விளிம்பை ஒட்டி எறும்பளவு எழுத்து. உதடு அசைய ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தார். சத்தமாகப் படிக்கவில்லை. சரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போன வருசம் மகள் பிரசவமாகி வீட்டோடு இருந்தாள். மலையிலிருந்து வந்த நெய்யைத் தினமும் சோற்றில் பிசைந்து அவளுக்குக் கொடுத்தவர் பாண்டியம்மாள்தான். டின்னைத் தரையில் வைத்துவிட்டு, புருசனைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்.

"கடைக்காரரு சொன்னாரா?"

மொக்கைச்சாமி கரண்டியைப் பார்த்தார். தேங்காயைப் பார்த்தார். நாற்பது நாளாகப் பொய் பேசாத விரதம், இப்போது எப்படிப் பேசுவது?

பாண்டியம்மாள் எழுந்து, கட்டி முடித்த வரிசையில் முதலாவதாக இருந்த தன் புருசனின் தேங்காயைக் கையில் எடுத்தார். கொண்டை ஊசியால் தக்கையை நெம்பினார். பிள்ளையாருக்கு முன்னாலிருந்த பெரிய விளக்குக்கு மேலே தேங்காயைக் கவிழ்த்துப் பிடித்தார். மார்கழிக் குளிருக்கு உள்ளே கட்டிப் போயிருந்ததால் அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. அது முழுக்க இறங்கும் வரை கை எடுக்காமல் நின்றார். மற்ற ஏழெட்டுத் தேங்காய்களையும் அந்தந்த வீட்டுப் பெண்களே வந்து எடுத்து விளக்கில் கவிழ்த்தார்கள். விளக்கு நெய் விளக்குக்குப் போனது.

பிறகு எல்லாத் தேங்காயும் மாயக்காள் முன்னால் வந்து நின்றன. அறுபத்திரண்டு. அவளிடம் இருந்தது இருபதுக்கு.

கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலாடைச் சங்கை வாங்கிக்கொண்டாள். தணலில் சட்டி நெய்யை இளக்கி, ஆளுக்கு ஒரு சங்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோபம் மட்டும் ஆறவில்லை. ஊற்றிக்கொண்டே, ஒவ்வொருவருக்கும் அவள் பாணியில் மரியாதையாகத் திட்டு விழுந்தது. "மூஞ்சியை ஆளுயரத்துக்கு அச்சடிக்கத் தெரிஞ்ச சாமிக்கு டின்னைப் படிக்கத் தெரியலையா?" "பின்னால இருந்து பேசுன சாமி முன்னால வாங்க." முன்னால் வந்தார், தலையைக் குனிந்துகொண்டு ஒரு சங்கு நெய்யும் வாங்கிக்கொண்டு போனார். மாரிசெல்வத்தை மட்டும், "கடைசியில வாங்க சாமி" என்று இரண்டு தடவை தள்ளிவிட்டாள்.

அறுபது தேங்காய் முடிந்தபோது, சட்டியைச் சாய்த்தால் ஒரு சங்குக்குச் சரியாக வரும். எதிரே இரண்டு தேங்காய் இருந்தன. ஒன்று மகனுடையது. மற்றதைக் காலியாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மொக்கைச்சாமி நின்றார். பாண்டியம்மாள் தூணோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாயக்காள் குருசாமியை ஏற இறங்கப் பார்த்தாள். நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அந்த மனிதருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். சட்டியைச் சாய்த்து, அந்தக் கடைசிச் சங்கை அவர் தேங்காயில் ஊற்றினாள்.

அவர் போனதும், காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பூமாரியைக் கூப்பிட்டாள். அவள் கையைப் பிடித்துச் சட்டிக்குள் விட்டு, அடியும் விளிம்பும் சுற்றி ஆள்காட்டி விரலால் வழிக்க வைத்தாள். பிறகு நெய் ஒட்டிய அந்த விரலை இழுத்து, மகனின் தேங்காய்க் கண்ணில் வைத்து அழுத்தினாள்.